ஐம்பதில் ஓர் இடம்

விளையாட்டு வீரர்களின் வழக்கறிஞர்களாக இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும்,

இளம் வீரர்களின் ஒப்பந்த வரம்புகளைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டீர்கள். விதிகள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு சில மாறியும் இருக்கலாம். ஆகவே அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அவற்றுக்குள் அகப்பட்ட ஓர் இளைஞனைப் பற்றி எழுதுகிறேன். ஆங்கிலத்தில் கேட்டீர்கள். இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், வரவில்லை. இதில் முக்கியமான பேச்செல்லாம் கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸ் பகுதியில் ஒரு வீட்டு முன்னறையில் தமிழில் நடந்தது. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன், தமிழ் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

அவனை நிரூபன் என்று அழைக்கிறேன். அது அவனுடைய உண்மையான பெயர் அல்ல. எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "எழுதுங்கோ" என்றான். 

முதலில் விதி. வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கில் ஒரு கிளப் ஒரே சமயத்தில் ஐம்பது வீரர்களுடன்தான் ஒப்பந்தம் வைத்திருக்கலாம். தலைமை அணியில் ஆடுபவனும், கீழ் அணியில் ஆடுபவனும், கால் முறிந்து வீட்டில் கிடப்பவனும் அந்த ஐம்பதுக்குள்தான். ஒரு விலக்கு உண்டு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒப்பந்தம் செய்த பையனை, தலைமை அணியில் அதிகம் ஆட விடாமல், ஜூனியர் அணிக்கே திருப்பி அனுப்பிவிட்டால் அவன் எண்ணிக்கையில் சேரமாட்டான். அவனுடைய ஒப்பந்தமும் ஓடத் தொடங்காது. ஒரு வருடம் தள்ளிப்போகும். இருபது வயதில் தொழில்முறை அணிக்குள் வந்ததும் அவனும் ஐம்பதில் ஒருவன் ஆகிவிடுவான்.

இதைப் படிக்கும்போது கணக்குப் போலத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

லண்டனில் இருந்துகொண்டு ஐஸ் ஹாக்கிக்கு வழக்கறிஞராக இருப்பது எப்படி என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் நிறுவனம் சிறியது. ஐரோப்பாவிலிருந்து அங்கே போகும் வீரர்களின் ஒப்பந்தங்களைப் பார்த்தோம். நான் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பனிச்சறுக்குச் சப்பாத்து போட்டதில்லை. ஆட்டம் எனக்கு ஓரளவுக்குத்தான் விளங்கும். ஆட்களை எனக்கு விளங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிரூபனின் தாய் வதனி என்னைக் கோயிலில் வைத்துத்தான் பிடித்தார். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறவர். அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "அக்கா, நீங்கள் தானே ஐஸ் ஹாக்கி லோயர்?" என்று கேட்டார். அந்தப் பிராகாரத்தில் அப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. மகன் ஒன்பது வயதில் பள்ளித் தோழன் ஒருவனின் பிறந்தநாளுக்கு ஐஸ் ரிங்குக்குப் போனானாம். கேக் வெட்டும்போது ஆளைக் காணவில்லை. பனியை விட்டு வெளியே வர மறுத்துவிட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் தகப்பன், ஈஸ்ட் ஹாம் பலசரக்குக் கடை வேலைக்குப் போகும் முன் விடியற்காலையில் அவனைக் கொண்டுபோய் விடுவார். பதினான்கு வயதில், இங்கே இனிப் படிக்க ஒன்றும் இல்லை என்று பயிற்சியாளர்கள் சொன்னபோது, கனடாவில் இருக்கும் வதனியின் தமக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பதினெட்டு வயதில், லீக்கின் வருடாந்தத் தேர்வில், ஒரு கிளப் அவனைத் தேர்ந்தெடுத்தது. பத்தொன்பதில் ஒப்பந்தம். கோடை விடுமுறையில் வந்திருந்தபோது அவர்களுடைய வீட்டில் வைத்துத்தான் கையெழுத்து. தகப்பன் சிவநேசன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தங்கை வீடியோ எடுத்தாள். நான் விதியை விளக்கினேன்.

வதனி கேட்டார்: "அப்ப இவன் அந்த அம்பதுக்குள்ள இல்லையோ?"

"இப்போதைக்கு இல்லை."

"அது நல்லதோ, கூடாதோ?"

"நல்லது" என்றேன். "எண்ணிக்கையில சேராதபடியால் அவனை வச்சிருக்கிறது கிளப்புக்கு ஒரு பாரமும் இல்லை. ஆறுதலா வளரலாம்."

நான் சொன்னது பிழை இல்லை. அந்த ஒரு வருடம் அவனை எல்லோரும் தாங்கினார்கள். கிளப்பிலிருந்து வாரம் தவறாமல் பேசுவார்கள். சாப்பாடு, தூக்கம், உடற்பயிற்சி எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். எதிர்காலம் என்ற சொல்லை அவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொல்வார்கள். இருபதாகி, கீழ் அணிக்குப் போய், ஐம்பதில் ஒருவனான பிறகு அந்தத் தொலைபேசி அழைப்புகள் குறைந்தன. அவன் மோசமாக ஆடவில்லை. ஆனால் ஐம்பது பேரில் நாற்பத்தைந்தாவதா நாற்பத்தெட்டாவதா என்று யாரோ ஓர் அறையில் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். பையன் அதே பையன்தான். போன வருடம் அவனை வைத்திருக்க இடம் தேவைப்படவில்லை. இந்த வருடம் தேவைப்பட்டது.

இரண்டாவது பருவத்தில், மாசி மாதம், தங்கையின் கல்யாணத்துக்காக அவன் ஒரு வார விடுப்பில் லண்டன் வந்தான். அவளுக்கு அவனைவிட ஒரு வயதுதான் குறைவு. படிப்பு முடியட்டும் என்று தாய் சொல்லியும் கேட்காமல், காதலித்தவனையே கட்டுகிறாள். பார்க்கிங் ஊரில் ஒரு பெரிய மண்டபம். என்னையும் அழைத்திருந்தார்கள். நிரூபன் வேட்டி கட்டி, மாப்பிள்ளையை அழைத்து வந்து, தோழன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் யாராவது பேசினால் அவர்களுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். காது கேளாத ஆள் பார்ப்பது போல.

தாலி கட்டும் நேரம். கெட்டிமேளம் என்றதும் தவிலும் நாதஸ்வரமும் ஒலிபெருக்கியில் ஒன்றாக எழும்பின. எல்லோரும் அட்சதை போட மேடையைப் பார்த்து எழுந்து நின்றோம். தற்செயலாக நான் திரும்பியபோது, அவன் இரண்டு கைகளாலும் சுவரைத் தடவிக்கொண்டு பக்கக் கதவால் வெளியே போவதைக் கண்டேன். சொந்தத் தங்கையின் கழுத்தில் தாலி ஏறும்போது.

நான் பின்னால் போனேன். கார் நிறுத்துமிடத்தில், வேட்டியோடு, அந்தக் குளிரில் ஒரு வேனுக்குப் பின்னால் குந்தியிருந்தான். கண்கள் மூடியிருந்தன. பக்கத்தில், காலையில் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்திருந்தான்.

"நிரூ, என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை அன்ரி. மேளம் கொஞ்சம் சத்தம்."

"எப்ப தொடக்கம்?"

அவன் வேட்டி நுனியால் வாயைத் துடைத்தான். பிறகு சொன்னான். இலையுதிர் காலத்தில் ஓர் ஆட்டத்தில் எதிரணிக்காரன் பின்னாலிருந்து இடித்து, தலை ஆடுகளத்தின் பக்கவாட்டுப் பலகையில் மோதியிருக்கிறது. எழுந்து ஆட்டத்தை முடித்தான். அடுத்த வாரம் இன்னொரு தடவை. அன்று முதல் தலையிடி. வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. பஸ்ஸில் போகும்போது பெயர்கள் மறந்துபோகும். அணி மருத்துவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டபோது எல்லாவற்றுக்கும் சரியான விடையைப் பாடமாக்கி வைத்துச் சொல்லியிருக்கிறான்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா விளையாட விடாம இருத்திப்போடுவினம். இருந்தவனை யார் திரும்பக் கூப்பிடுறது? அன்ரி, நீங்கள் என்ர லோயர். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. அம்மாக்கும் சொல்லக்கூடாது."

அவன் சொன்னது சட்டப்படி சரி. இருபத்தொரு வயது இளைஞன், என் கட்சிக்காரன். அவன் அனுமதி இல்லாமல் கிளப்புக்கோ, தகப்பனுக்கோ, தாய்க்கோ வாய் திறக்க எனக்கு உரிமை கிடையாது. நான் அவனுடைய தோளில் என் சால்வையைப் போட்டுவிட்டு, மேளம் அடங்கும்வரை பக்கத்தில் நின்றேன். உள்ளே போய் அவன் தங்கையோடு நின்று படம் எடுத்துக்கொண்டான். அந்தப் படத்தை வதனி பிறகு எனக்கு அனுப்பினார். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

திங்கட்கிழமை கிளப்பின் உதவி மேலாளர் என்னை அழைத்தார். நல்ல மனிதர், எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர். வீரர்களை மாற்றிக்கொள்ளும் காலக்கெடு அந்த வாரம் முடிகிறது. அவர்களிடம் ஐம்பது ஒப்பந்தங்களும் நிரம்பியிருந்தன. புதிய ஒருவரைச் சேர்க்க ஓர் இடம் வேண்டும். நிரூபனை அவர்கள் அடுத்த வருடத் திட்டத்தில் வைக்கவில்லை. இரண்டு பக்கமும் சம்மதித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால் அவன் விரும்பிய இடத்துக்குப் போகலாம். ஜெர்மனியில் ஒரு கிளப் அவனை உடனே எடுக்கத் தயார், அணியின் சிறந்த ஆட்டக்காரர்களோடு முன்வரிசையிலேயே ஆட விடுவார்கள். "அவனுக்கும் நல்லதுதானே?" என்றார். அவருக்கு வேறெதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டார் என்றே இன்றும் நம்புகிறேன்.

சட்டம் இங்கேதான் கூர்மையாகிறது. விளையாட்டில் அடிபட்டு ஆட முடியாமல் போனவனைக் கிளப் கைவிட முடியாது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவனுடைய சம்பளமும் சிகிச்சையும் அவர்களுடைய பொறுப்பு. ஆனால் அவனே சம்மதித்து, நான் நலமாக இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு வெளியே வந்தால் அந்தப் பாதுகாப்பு அன்றோடு சரி. நாளை எழும்ப முடியாமல் கிடந்தாலும் யாரையும் கேட்க முடியாது.

நான் நிரூபனுக்குச் சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும், அது அவனுக்கு வந்த கேள்வி. ஜெர்மனி என்றதும் அவனுடைய குரல் மாறிவிட்டது. "முன்வரிசையோ? எப்ப சைன் பண்ணலாம்? இண்டைக்கே பண்ணலாமோ?" என்றான். மூன்று மாதமாக யாருமே அவனை வேண்டும் என்று சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் நிறுவனத்தைத் தொடங்கிய முதியவர் அப்போது ஓய்வு பெற்றுக் கென்ட்டில் கடலோரமாக இருந்தார். பெயர் எதையும் சொல்லாமல் அவரிடம் நிலைமையை மட்டும் சொன்னேன். அவர் அறிவுரை சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். "நீ மறுத்தால் அவன் வேறொரு வழக்கறிஞரிடம் போவான். அவர் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பார். அப்படிப் போகாமல் அவனை எப்படி வைத்திருக்கப் போகிறாய்?"

 மறுப்பது எனக்குச் சுலபம். நான் சுத்தமாக இருப்பேன். அவன் போய்விடுவான்.

மறுநாள் மத்தியானம் செவன் கிங்ஸுக்குப் போனேன். கல்யாண வீட்டு வாழைமரம் இன்னும் வாசலில் வாடிக்கொண்டு நின்றது. முன்னறையில் திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. நிரூபன் சோபாவில், தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டு இருந்தான். சிவநேசன் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு நின்றார். வதனி எனக்குத் தேநீர் தந்துவிட்டு, மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எல்லாரும் இருக்கட்டும், நல்ல விஷயம்தானே" என்று நிரூபனே சொன்னான்.

எந்தக் கட்சிக்காரனாக இருந்தாலும் கையெழுத்திடப் போகும் பத்திரத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்வது என் வழக்கம். முதல் ஒப்பந்தத்தையும் அவன் அப்படித்தான் இதே அறையில் படித்தான். வேகமாக, சிரித்துக்கொண்டு, தங்கைக்கு நடித்துக் காட்டிக்கொண்டு. அன்றும் பத்திரத்தைக் கொடுத்தேன்.

"வாசி, நிரூ."

முதல் வரியைப் படித்தான். வீரர் தம் சுய விருப்பத்தின் பேரில், என்று தொடங்கும் வரி. இரண்டாவது வரிக்குப் போனான். நிறுத்தினான். கண்ணைக் கசக்கினான். பிறகு மறுபடியும், வீரர் தம் சுய விருப்பத்தின் பேரில், என்று தொடங்கினான். அதே வேகம், அதே குரல். புதிய வரியைப் படிப்பதாகவே நினைத்துக்கொண்டு படித்தான். மூன்றாம் முறையும் அதே வரி.

 வதனி மெல்ல அவனுடைய முழங்காலில் கையை வைத்தார்.

"ராசா, அந்த வரியை நீ முதலே வாசிச்சிட்டாய்."

அவன் பத்திரத்தைப் பார்த்தான். பிறகு தாயைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?" என்றார் வதனி. "வந்த நாள் தொடக்கம் லைட் போட விடுறாயில்லை. தேத்தண்ணி கேட்டுப்போட்டு, தந்தவுடன ஏனம்மா தேத்தண்ணி எண்டுறாய். என்ர வேலையில இதைத்தானே ஒவ்வொரு நாளும் பாக்கிறன். எண்பது வயசு ஆக்களிட்டப் பாக்கிறன்."

"என்ன வதனி, என்ன கதைக்கிறாய்?" என்றார் சிவநேசன். அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. "பயணக் களைப்பு. டொக்டர்மார் செக் பண்ணித்தானே விளையாட விடுறவங்கள். அக்கா, நீங்கள் சொல்லுங்கோ."

என்னால் சொல்ல முடியாது. நான் நிரூபனைப் பார்த்தேன். அவன்தான் தகப்பனுக்குச் சொன்னான். தலை குனிந்தபடி, ஆங்கிலமும் தமிழுமாக. இடித்தது, மறைத்தது, விடைகளைப் பாடமாக்கியது எல்லாம். சிவநேசன் சுவரில் சாய்ந்து நின்று கேட்டார். சனிக்கிழமை விடியற்காலைகளில் காரில் கொண்டுபோய் விட்ட மனிதர். ஒரு கட்டத்தில் தன் கைமணிக்கூட்டைக் கழற்றி, திரும்பவும் கட்டினார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"ஆனா இப்ப என்ன?" என்றான் நிரூபன். குரல் உயர்ந்தது. "இதில சைன் பண்ணினா ஜெர்மனியில ஆடலாம். பண்ணாட்டி டொக்டர் வந்து நிப்பாட்டிப்போடுவான். அவ்வளவுதான் வித்தியாசம். வாசிக்க ஏலாட்டி என்ன? மட்டையால அடிக்கிற பக் எனக்குத் தெரியுது. ஐஸில எனக்கு எல்லாம் தெரியுது!"

"இன்னொரு அடி விழுந்தா?" என்று நான் கேட்டேன்.

"விழாது."

"விழுந்தா, நிரூ?"

"விழுந்தா விழட்டும், அன்ரி! என்ர தலை!"

வதனி எழுந்து நின்றார். அழுகிற மாதிரி இருக்கவில்லை. "பதினாலு வயசில உன்னை அனுப்பினன். எயார்போட்டில நீ திரும்பிப் பாக்கேல்லை. எனக்குத் தாங்க ஏலாமத்தான் அனுப்பினன். இந்த முறை அனுப்பமாட்டன். நீ என்னோட ஆயுளுக்கும் கதைக்காம இரு. அனுப்பமாட்டன்."

அவன் பேனாவை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனான். ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. அதைத் தகப்பன் கீழிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் என் வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும். தாய் சொல்லிவிட்டார், தகப்பனும் மறுக்கவில்லை, பத்திரத்தை மடித்துப் பையில் வைக்கலாம். முடியாது. என் கட்சிக்காரன் மாடியில் இருந்தான். தாயின் சொல்லை வைத்துக்கொண்டு நான் கிளப்போடு பேசினால், அவனுடைய வாழ்க்கையைப் பற்றிய அந்த ஒரு முடிவையும் அவனிடமிருந்து பறித்தவள் ஆவேன். மாடியில் அவனுடைய அறைக் கதவடியில் போய் நின்றேன். உள்ளே இருட்டு.

"நிரூ, எனக்கு உன்ர வாயால வேணும். அம்மா சொன்னது எனக்குக் காணாது. நீ சைன் பண்ணத்தான் போறன் எண்டால், நான் விலகிறன், உனக்கு வேற ஆளின்ர நம்பர் தாறன். இல்லையெண்டால் சொல்லு."

அந்த நம்பரை உண்மையிலேயே கொடுத்திருப்பேனா என்று என்னைக் கேட்காதீர்கள். கொடுத்துத்தான் இருக்க வேண்டும்.

கீழே குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வதனி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாய் நின்ற பிறகு, தலையணைக்குள்ளிருந்து பேசுவது போல அவனுடைய குரல் வந்தது.

"டொக்டரிட்டப் போறன் எண்டு சொல்லுங்கோ."

"அப்ப அடிபட்டதை நான் கிளப்காரருக்குச் சொல்லலாமோ?"

"சொல்லுங்கோ. இப்ப போங்கோ, அன்ரி."

காரில் இருந்தே உதவி மேலாளரை அழைத்தேன். அடிபட்டதையும், கையெழுத்து இல்லை என்பதையும் சொன்னேன். எப்போது அடிபட்டது என்று அவர் கேட்டார். சொன்னேன். "எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே. காலக்கெடு முடிகிற இந்த வாரமாகப் பார்த்துச் சொல்கிறீர்களே" என்றார். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நான் விளக்கம் கொடுக்கவில்லை. சிறப்பு மருத்துவரிடம் காட்ட ஏற்பாடு செய்யுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் எனக்கு அறிமுகமில்லாத ஒரு முகவர் அமெரிக்காவிலிருந்து அழைத்தார். நிரூபனின் இடத்துக்காகக் காத்திருந்த பையனுடைய முகவர். யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு கல்லூரி வீரன், முதல் முறையாக ஒரு கிளப் ஒப்பந்தம் தருகிறேன் என்று சொல்லியிருந்தது. "உங்கள் ஆள் இருக்கிறானா, போகிறானா? என் பையனுடைய அப்பா அம்மா தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றார். கோபமாக அல்ல, கெஞ்சலாக.

"இருக்கிறான்" என்றேன்.

காயம்பட்டவனும் ஐம்பதில் ஒருவன்தான் என்று நான் தொடக்கத்தில் எழுதினேன். அதன் பொருள் இதுதான். இருட்டறையில் படுத்திருந்த ஒருவனுக்கு அந்த இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தேன். அதே கையால் இன்னொருவனுக்குக் கதவைச் சாத்தினேன். அந்தப் பையன் பிறகு ஒரு சிறிய லீக்கில் ஆடினான். சில காலம் அவனுடைய பெயரைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் தேடினேன், எந்த அணியிலும் இருக்கவில்லை. அவனை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவனுக்கு என் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை.

நிரூபனை லண்டனில் ஒரு நரம்பியல் நிபுணர் பார்த்தார். கிளப் தன் மருத்துவரையும் அனுப்பியது. இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். அவன் இனிப் பனியில் இறங்கக்கூடாது. ஒரு பருவத்துக்கு என்று முதலில் சொன்னார்கள், பிறகு என்றைக்குமே என்று. நிபுணர் அதைச் சொன்னபோது நானும் அறையில் இருந்தேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "ஃபன்னுக்கும் ஏலாதோ? தனிய? சும்மா சுத்தி வர?" கூடாது என்று அவர் தலையசைத்தார். வெளியே வந்து, சிவநேசன் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நிரூபன் என்னைப் பார்த்து, "இப்ப உங்களுக்குச் சந்தோஷமோ?" என்றான். பதில் எதிர்பார்க்காமல் ஏறிக் கதவைச் சாத்தினான்.

கிளப் ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவனைக் கவனித்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. காலம் முடிந்த அன்று ஒரு சிறிய மின்னஞ்சல் வந்தது. அவன் ஐம்பதிலிருந்து கழிந்தான். அவனுக்கு நான் அதை அனுப்பினேன், பதில் இல்லை. வதனி மட்டும் இடையிடையே அழைப்பார். "இண்டைக்குத் திரைச்சீலையைத் திறந்தவன் அக்கா." "இண்டைக்குக் கடைக்கு வந்தவன்." "நேற்று நல்லா அழுதவன். அது நல்லம்தானே அக்கா?" ஒவ்வொரு முறையும் எனக்கு நன்றி சொல்வார். எனக்கு அதைக் கேட்க ஏலாமல் இருக்கும். மகனிடமிருந்து வராத ஒன்றைத் தாயிடமிருந்து எப்படி வாங்குவது?

இதிலிருந்து என்ன படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள ஓர் இளைஞன் கிளப்பைவிட அவசரப்பட்டால் பேனாவை உடனே நீட்டாதீர்கள். அவன் வீட்டுக்குப் போங்கள், அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், அவனைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவனுக்குப் பதிலாக வேறு யாரிடமும் சம்மதம் வாங்காதீர்கள், பெற்றவளிடம்கூட. இவ்வளவும் செய்த பிறகும், சரியானதைச் செய்தோம் என்ற நிம்மதி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்குக் கிடைக்கவில்லை.

போன கார்த்திகையில், நான் ஓய்வு பெற்றுச் சில மாதங்களில், ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். "அன்ரி" என்று ஒரு குரல். நிரூபன். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தான். கண்களுக்கு நிறம் போட்ட கண்ணாடி. கையில் முருங்கைக்காய்க் கட்டு. அம்மா அனுப்பினாவாம். வாரத்தில் சில நாள் ஒரு கணினிக் கடையில் வேலை, அதற்கு மேல் தலை விடாது என்றான். தங்கைக்குக் குழந்தை பிறந்ததைச் சொன்னான். முருங்கைக்காய்க் கட்டைக் கை மாற்றிப் பிடித்தான்.

"அண்டைக்கு நான் சைன் பண்ணியிருந்தா ஒரு சீசனாவது ஆடியிருப்பன், அன்ரி."

"ஓம்" என்றேன். "ஆடியிருப்பாய்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். "இல்லையெண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சன்."

"இல்லை. நல்லா ஆடியிருப்பாய்."

தலையை ஆட்டினான். கோபம் இருந்ததா, போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. "சரி, வாறன்" என்று சொல்லிவிட்டு ரயில் நிலையப் பக்கமாக நாலைந்து எட்டு வைத்தான். நின்றான். திரும்பி மறு பக்கத்தைப் பார்த்தான். பிறகு பக்கத் தெருவை. காரை எங்கே விட்டான் என்று அவனுக்கு நினைவு வரவில்லை.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் போனேன்.  ஒவ்வொரு தெருவாக, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, கார் தென்படும்வரை சேர்ந்து நடந்தோம்.